மேய்ச்சல் நிலத்தில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மேய்ச்சல் நிலம் கெட்டுப்போனதும் எழுகிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "என்ன விதை போடலாம்?" இத்தனை வருஷத்தில் நான் நடந்து பார்த்த நிலங்களில் விதை இல்லாமல் கெட்டவை மிகச் சில. மந்தை எந்த நாளில் உள்ளே போனது, எந்த நாளில் வெளியே வந்தது என்று கேட்டாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் சொல்கிறேன். பணம் கேட்கிற காரணங்கள் பின்னால் வரும். விதையை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன்.

உங்கள் நிலத்தில் எது கண்ணில் படுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

கிளம்பும் முன் சில சாமான்கள் வேண்டும். ஒரு மீட்டர்க் கம்பி நான்கைச் சேர்த்துக் கட்டிய சதுரச் சட்டம், அரிவாள், சமையலறைத் தராசு, நீளமான ஸ்க்ரூடிரைவர், இரண்டு பக்கமும் திறந்த 15 செ.மீ. விட்டமுள்ள தகர டப்பா, செல்போன் கேமரா. இவற்றோடு கம்பிவலையில் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு கூண்டு செய்து, மழைக்கு முன்பே மேய்ச்சல் நிலத்தின் நடுவில் கவிழ்த்து முளையடித்து வையுங்கள். மாட்டின் வாய் படாவிட்டால் அந்த மண் என்ன கொடுக்கும் என்பதை அது காட்டிவிடும். நான் வைத்திருக்கிற கருவிகளில் அதிகம் உழைத்தது இந்தக் கூண்டுதான்.

## அவசரம்: மேய்ச்சலில் விட்ட சிறிது நேரத்தில் விலங்கு உப்புகிறது, மூச்சு வாங்குகிறது, விழுகிறது

இதற்கு மட்டும் காரணத்தை ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள். மந்தையை அந்த இடத்தை விட்டு ஓட்டுங்கள், கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் வருவதற்குள் கீழே உள்ளதில் எது என்று பாருங்கள்.

இடது விலா உப்பி மத்தளம் போல ஒலிக்கிறதா? வயிற்று உப்புசம். குதிரைமசால் போன்ற இளம் பயறுவகைத் தீவனத்தைப் பசியோடு, அதுவும் ஈரத்தோடு மேய்ந்தால் வரும். விலங்கு நின்றுகொண்டிருந்தால் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி மெல்ல நடக்க வையுங்கள். பெரிய மாட்டுக்குக் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை சமையல் எண்ணெய் புகட்டலாம். தலையை ரொம்பத் தூக்கினால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும், நிதானமாகச் செய்யுங்கள். படுத்துவிட்ட மாட்டுக்கு எதையும் புகட்டக் கூடாது. விலாவில் குத்திக் காற்றை எடுப்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

உப்பவில்லை, ஆனால் மூச்சு முட்டி நடுங்கி விழுகிறதா? ஈறையும் கண் இமையின் உட்புறத்தையும் பாருங்கள். பளிச்சென்ற சிவப்பு என்றால் சயனைடு நஞ்சு. முழங்கால் உயரம்கூட வராத சோளம், வாடிய சோளம், வெட்டியபின் துளிர்த்த சோளம் ஆகியவை வழக்கமான காரணம். ஈறு பழுப்போ நீலமோ ஓடி, இரத்தம் காபி நிறமாக இருந்தால் நைட்ரேட் நஞ்சு. வறட்சிக்குப் பின் மழை கண்டு திடீரென வளர்ந்த பயிர், அதிகம் தழைச்சத்து போட்ட தீவனம் ஆகியவற்றில் வரும். இரண்டுக்கும் முறிவு மருந்து உண்டு, ஆனால் வேறு வேறு மருந்து. ஆகவே ஈறு என்ன நிறம் என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. சோளத்தை நன்றாகக் காயவைத்தால் சயனைடு பெருமளவு போய்விடும். நைட்ரேட் போகாது; உலர்தீவனத்திலும் அப்படியே இருக்கும். "காய்ந்ததுதானே" என்று நம்பிப் போட்டு மாடு போன கதை எனக்குத் தெரியும்.

அடுத்த முறை வராமல் இருக்க: புதுத் தீவனத்தில் விடும் முன் வைக்கோலோ காய்ந்த புல்லோ வயிறு பாதி நிறையக் கொடுங்கள், பனி காய்ந்த பின் விடுங்கள், முதல் நாள் அரை மணி நேரம் போதும். அசைபோடும் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும்.

## மழை பெய்தும் புல் தூர்கட்டி எழவில்லை

அதிகம் வருகிற புகார் இதுதான். எனவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் கூண்டுக்குள் பாருங்கள். கூண்டு வைக்கவில்லை என்றால் வேலிக்கு அந்தப் பக்கம், கல்லிடுக்கு, முள்புதரின் நடு என்று மாட்டின் வாய் எட்டாத இடம் எதையாவது பாருங்கள்.

அங்கே புல் நன்றாக இருக்கிறது. அப்படியானால் மண்ணிலும் மழையிலும் குறையில்லை, மேய்ச்சலில்தான் குறை. மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, சீக்கிரம் விட்டீர்களா? முதல் மழைக்குப் பச்சை தெரிந்ததுமே பட்டியைத் திறந்துவிடுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அந்த நேரத்தில் புல் போன பருவத்தில் சேமித்ததைச் செலவழித்துத்தான் முதல் இலையை விட்டிருக்கும். அதையும் கடித்துவிட்டால் அடுத்த இலைக்கு முதல் இல்லை. தூர்கட்டும் புல் என்றால் ஒரு சாண் உயரமாவது வந்து, ஒவ்வொரு தண்டிலும் மூன்று நான்கு இலை விரிந்த பிறகு விடுங்கள். இரண்டு மூன்று வாரம் பட்டியில் வைத்து உலர்தீவனம் போடுவது சிரமம்தான். ஆனால் அந்த இரண்டு வாரம்தான் மீதிப் பருவத்தைத் தீர்மானிக்கிறது.

இரண்டு, ஒரே தூரை இரண்டு தடவை கடிக்கவிட்டீர்களா? வேகமாக வளரும் பருவத்தில், கடித்த புல் ஐந்தாறு நாளில் மறுபடி வாய்க்கு எட்டும் அளவு துளிர்க்கும். பக்கத்தில் முழுசாக நிற்கும் புல்லை விட்டுவிட்டு மாடு அந்த இளந்துளிரைத் தேடி வரும், அதுதான் ருசி. ஆகவே ஒரு துண்டில் ஒரு வாரத்துக்கு மேல் மந்தை நின்றால் நல்ல புல் இரண்டாம் முறை அடிவாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தை நாலைந்தாகப் பிரித்துச் சுற்றில் விடுங்கள். திரும்பி வருவதற்கான இடைவெளியை நாள்காட்டி பார்த்து முடிவு செய்யாதீர்கள். மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்குள் புல் தேறிவிடலாம். மழை நின்றபின் அதே புல்லுக்கு மூன்று மாதமும் போதாது. கடிபட்ட தூர் பழைய உயரத்துக்கு வந்ததா என்று குனிந்து பார்ப்பதுதான் கணக்கு.

மூன்று, எண்ணிக்கை கூடுதலா? இதற்குத்தான் சட்டமும் தராசும். கண்ணை மூடிச் சட்டத்தை வீசி, விழுந்த இடத்தில் உள்ள புல்லைத் தரையோடு அறுத்து, மொறுமொறுவென்று காயவைத்து எடை போடுங்கள். பத்து இடத்தில் செய்து சராசரி எடுங்கள். சதுர மீட்டருக்கு எத்தனை கிராமோ அதைப் பத்தால் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும்.

உதாரணத்துக்கு, சராசரி 120 கிராம். ஹெக்டேருக்கு 1200 கிலோ உலர்புல். இதில் பாதியை நிலத்துக்கே விட வேண்டும். மற்றப் பாதி முழுவதும் மாட்டின் வாய்க்குப் போகாது. மிதிபடுவது, சாணம் விழுவது, வெட்டுக்கிளியும் கரையானும் தின்பது என்று போனால் வயிற்றுக்குப் போவது மொத்தத்தில் கால்வாசி, அதாவது 300 கிலோ. பத்து ஹெக்டேரில் 3000 கிலோ. 250 கிலோ எடையுள்ள மாடு ஒரு நாளைக்குத் தன் எடையில் இரண்டரை சதவீதம், சுமார் 6.25 கிலோ உலர்தீவனம் தின்னும். இருபது மாட்டுக்கு 125 கிலோ. ஆக 24 நாள். அந்த நிலத்தில் மந்தை இரண்டு மாதம் நின்றிருந்தால் விதையைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

பாதியை விடச் சொல்வது கருணையால் அல்ல. அமெரிக்க மண் பாதுகாப்புத் துறையில் இருந்த ஃபிராங்க்ளின் கிரைடர் 1955-இல் வெளியிட்ட சோதனைகளில், புல்லின் தழையில் 40 சதவீதம்வரை வெட்டியபோது வேர் வளர்ச்சி நிற்கவில்லை. 80 சதவீதம் வெட்டியபோது வேர் மொத்தமாக நின்றுபோனது, பல நாட்களுக்கு. வேர் நின்ற புல் அடுத்த வறண்ட வாரத்தைத் தாங்காது. பாதிக்கு மேல் போகும்போது சரிவு மெல்ல வராது, சட்டென்று வரும்.

கூண்டுக்குள்ளும் புல் இல்லை. சரி, அப்போது சந்தேகம் மண்ணின் மேல் போகிறது. ஒரு தூரைப் பிடித்து இழுங்கள். மேலாக வேரோடு வந்துவிட்டால் அது முந்தைய வருஷங்களின் மேய்ச்சல் பாவம். ஒரு முழு மழைப்பருவம் ஓய்வு கொடுத்துப் பாருங்கள். தூரே இல்லை, வெறும் தரை என்றால் "தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது" என்ற தலைப்புக்குப் போங்கள்.

தூர் இருக்கிறது, ஆனால் நடுப்பகுதி சாம்பல் நிறத்தில் பட்டுப்போய் ஓரத்தில் மட்டும் பச்சை. இது நேர் எதிரான கோளாறு. பல வருஷம் மேய்ச்சலே இல்லாமல் பழைய தண்டு மண்டி, வெயில் அடிக்குருத்துக்கு இறங்கவில்லை. வேலி போட்டுப் பத்து வருஷம் "பாதுகாத்த" நிலங்களில் பார்த்திருக்கிறேன். மழைக்கு முன் நிறைய மாடுகளை ஓரிரு நாள் மட்டும் விட்டுப் பழைய தண்டை மிதிக்க வையுங்கள்.

எப்போது நிபுணர்? ஒரு முழுப்பருவம் ஓய்வு கொடுத்தும் கூண்டுக்குள் மாற்றமே இல்லை என்றால் மண் பரிசோதனைக்குக் கொடுத்து, மேய்ச்சல் நில அலுவலர் ஒருவரை வரவழைக்கலாம். அதற்கு முன் வேண்டாம்.

## ஒரு பக்கம் மொட்டை, இன்னொரு பக்கம் இடுப்பளவு புல்

மொத்தத்தில் தீவனம் போதும், பகிர்வுதான் சரியில்லை. எங்கே மொட்டை என்பதைப் பொறுத்துப் பிரியுங்கள்.

தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மொட்டை. கொஞ்சம் மொட்டை இருப்பது பழுதல்ல, எங்கும் இருக்கும். அந்த வளையம் வருஷா வருஷம் பெரிதாகிறதா என்பதே கேள்வி. ஒரே கல்லின் மேல் நின்று வருஷத்துக்கு ஒரு படம் எடுத்து வையுங்கள். பெரிதாகிறது என்றால் முதலில் உப்புக்கட்டி எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே தாது உப்பையும் வைத்துவிட்டு, மாடு இங்கேயே கிடக்கிறதே என்று அலுத்துக்கொள்வார்கள். உப்பை அரைக் கிலோமீட்டராவது தள்ளி, புல் மீந்து நிற்கும் பக்கத்தில் வையுங்கள். மாடு உப்பைத் தேடித் தானாகப் போகும். செலவு ஒரு நடை.

தொலைவில் புல் மீந்து நிற்கிறது. தண்ணீரிலிருந்து எத்தனை தூரம் என்று அளங்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டினால் மாடு பாதி அளவுகூட மேயாது, மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் அந்தப் புல்லைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. அங்கே ஒரு தொட்டி வைக்க முடிந்தால் அதுவே தீர்வு. குழாய் இழுக்கும் செலவு உண்டு. முடியாவிட்டால் அந்தப் பகுதியை மழைநீர் குட்டைகளில் நிற்கும் வாரங்களில் மட்டும் மேயுங்கள்.

மேட்டில் புல், பள்ளத்தில் மொட்டை. மாடு ஏற்றம் ஏறாது. பத்து சதவீதச் சரிவுக்கு மேலே போகப் போக மேய்ச்சல் குறையும். வெள்ளாடும் செம்மறியும் ஏறும். மேட்டுக்கு அவற்றை விடுங்கள், அல்லது மேய்ப்பவர் காலையில் மந்தையை முதலில் மேட்டுக்கு ஓட்டிவிட்டு மெல்ல இறங்கட்டும்.

எங்கும் கலந்து திட்டுத் திட்டாக. கூட்டம் குறைவு, இடம் பெரிது. மாடு பிடித்ததைத் தேர்ந்து தின்கிறது. அதே மாடுகளைச் சின்னத் துண்டில் குறைந்த நாள் விடுங்கள். சாணி விழுந்த இடத்தைச் சுற்றிக் கொத்தாகப் புல் நின்றால் அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சாணி உலுத்துப் போனதும் மேய்ந்துவிடும்.

## புல் நிறைய நிற்கிறது, மந்தை மெலிகிறது

முதலில் சாணியைப் பாருங்கள். இதைவிட மலிவான பரிசோதனைக்கூடம் கிடையாது.

சாணி கெட்டியாக, அடுக்கடுக்காக விழுகிறது. புல் முற்றிச் சக்கையாகிவிட்டது. புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் வயிற்று நுண்ணுயிர்கள் மந்தமாகும். உள்ளே போனது கரையாது, கரையாததால் பசிக்காது. வயிறு நிறைந்த மாடு மெலிவது இப்படித்தான். பயறுவகைத் தழை, மரத்தழை, கொஞ்சம் புண்ணாக்கு, இவற்றில் கிடைப்பதைச் சேருங்கள்; காய்ந்த புல்லையே கூடுதலாகத் தின்னத் தொடங்கும். யூரியா கலந்த தீவனம் பற்றி யாராவது சொன்னால், அளவு தவறினால் விலங்கு செத்துப்போகும் என்பதால் கால்நடை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். அடுத்த பருவத்தில் புல் கதிர்விடும் முன்பே ஒரு சுற்று மேய்த்துவிடுங்கள்.

சாணி சரியாக இருக்கிறது. தண்ணீர் போதுமா? கடும் வெயிலில் ஒரு பெரிய மாட்டுக்கு நாளைக்கு 50 லிட்டர் வரை தேவைப்படும், கறவை என்றால் இன்னும் கூட. தண்ணீர் குறைந்தால் மேய்ச்சலும் குறையும். தொட்டியில் பாசி நாற்றம் அடிக்கிறதா என்று நீங்களே முகர்ந்து பாருங்கள்.

ஒன்றிரண்டு மட்டும் மெலிகின்றன. வாயைத் திறந்து கீழ்வரிசை முன்பல்லைப் பாருங்கள். தேய்ந்தோ விழுந்தோ இருந்தால் புல்லை எவ்வளவு நல்லதாக்கினாலும் அந்த விலங்குக்கு எட்டாது.

ஆடுகள் மெலிந்து, கண் இமையின் உட்புறம் வெளுத்து, தாடைக்கடியில் பை போல வீக்கம். இரத்தம் உறிஞ்சும் குடற்புழு. இமை நிறத்தைப் பார்த்து மருந்து தேவையா என்று முடிவு செய்ய ஃபமாச்சா என்ற ஐந்து நிற அட்டை தென்னாப்பிரிக்காவில் உருவானது. அதைப் பார்க்கப் பழகியவரிடம் ஒருமுறை கற்றுக்கொள்ளுங்கள். மந்தை முழுவதற்கும் ஒரேயடியாக மருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் சில வருஷத்தில் அந்த மருந்து வேலை செய்யாது. புழுவின் குஞ்சுகள் புல்லின் அடிப்பகுதியில்தான் அதிகம் இருக்கும். ஒட்ட மேய்கிற மந்தைக்குப் புழு அதிகம் வருவது அதனால்தான். மறுபடியும் எண்ணிக்கைக் கணக்குக்கே திரும்புகிறோம், பாருங்கள்.

எப்போது மருத்துவர்? கழிச்சல், காய்ச்சல், தாடை வீக்கம், கருக்கலைவு, இவற்றில் எது இருந்தாலும் அன்றே.

## நல்ல புல் மறைந்து வேண்டாத செடி வருகிறது

காலணியின் முனையில் ஒரு கோடு போட்டுக்கொண்டு நூறு எட்டு எடுத்து வைத்து நடங்கள். ஒவ்வொரு எட்டிலும் அந்தக் கோட்டுக்கு நேரே என்ன இருக்கிறது என்று குறியுங்கள்: நீண்டகாலப் புல், ஒருபருவப் புல், செடி, முள், வெறும் தரை. எண்ணிக்கையே சதவீதம். அடுத்த வருஷம் அதே வழியில் அதே மாதத்தில் நடக்க வேண்டும்.

மேய்ச்சல் கூடும்போது குறைகிற செடி, கூடுகிற செடி, புதிதாக வருகிற செடி என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் முறையை அமெரிக்க மேய்ச்சல் நில ஆய்வாளர் டிக்ஸ்டர்ஹூயிஸ் 1949-இல் எழுதினார். இன்றும் வேலைக்கு ஆகிறது. கொழுக்கட்டைப்புல் போல உயர்ந்து தூர்கட்டும் ருசியான புல் முதலில் குறையும். அருகம்புல் போலத் தரையோடு படரும் புல்லும் ஒருபருவப் புல்லும் அந்த இடத்தைப் பிடிக்கும். அதற்கும் பிறகு எருக்கு, ஆவாரை, ஊமத்தை போல மாடு பெரும்பாலும் தொடாத செடிகள்.

படரும் புல் கூடியிருக்கிறது, நெடும்புல்லும் கொஞ்சம் இருக்கிறது. காசு செலவழிக்க வேண்டிய நிலை இன்னும் வரவில்லை. நிலத்தின் மூன்றிலொரு பங்கை ஒவ்வொரு வருஷமும் கதிர்விட்டு விதை உதிரும்வரை மூடி வையுங்கள். மூன்று வருஷத்தில் எல்லாத் துண்டும் ஒருமுறை விதை உதிர்த்திருக்கும்.

பார்த்தீனியம் வந்திருக்கிறது. பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையும் முகக்கவசமும் போட்டு வேரோடு பிடுங்குங்கள். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் சும்மா சொல்லவில்லை. பூத்துவிட்டால் ஆட்டி விதையை உதிர்க்காமல் பைக்குள் வெட்டிப் போடுங்கள். அப்புறம் அது எப்படி வந்தது என்று யோசியுங்கள்: வெளியிலிருந்து வாங்கிய வைக்கோல், வாடகை டிராக்டரின் சக்கரம், சந்தையிலிருந்து வந்த ஆடு. புதிதாக வாங்கிய விலங்கை ஒரு வாரம் பட்டியிலேயே வைத்தால் வயிற்றில் உள்ள விதை அங்கேயே விழும்.

செடி கூடியது மட்டுமில்லை, விலங்கின் மூக்கு, காது, வெள்ளைத் தோல் உள்ள இடம் சிவந்து உரிகிறது. வெயில் தாங்காத நோய். உண்ணிச்செடியைத் தின்ற மாட்டுக்கும், நெருஞ்சியை மேய்ந்த செம்மறிக்கும் கல்லீரல் கெட்டு இப்படி வரும். நிழலில் கட்டுங்கள், மருத்துவரை அழையுங்கள். தீவனம் இருக்கும்போது விலங்கு உண்ணிச்செடியைத் தேடிப் போகாது. தின்றது என்றால் பசியோடு இருந்திருக்கிறது.

களைக்கொல்லி? எந்தச் செடிக்கு எது, மேய்ச்சலை எத்தனை நாள் தள்ளிப்போட வேண்டும் என்று எழுத்தில் கொடுக்கக்கூடிய ஒருவர் சொன்னால் மட்டும்.

## முள்மரம் மேய்ச்சலை விழுங்குகிறது

கன்று எங்கே முளைக்கிறது என்பதைக் கவனியுங்கள். பட்டியைச் சுற்றி, வழித்தடத்தில், சாணிக்கு நடுவில் முளைத்தால் காய் தின்ற மந்தைதான் விதைக்கிறது. சீமைக் கருவேலங்காய் இனிப்பானது. விதை வயிற்றைக் கடந்து, நனைந்து, எருவோடு வந்து விழும். காய் உதிரும் மாதங்களில் மந்தையை அந்த மரங்களிடம் விடாமல் இருப்பது முதல் வேலை. காயைப் பொறுக்கி விதையோடு அரைத்துத் தீவனமாக்கினால் இரட்டை லாபம்.

முழங்காலுக்குக் கீழே உள்ள கன்றை மழைக்குப் பிறகு கையாலேயே பிடுங்கலாம். தொடை கனத்த மரத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். மண்ணுக்கடியில் வேர்க்கழுத்தில் உள்ள மொட்டுகள்தான் காரணம். ஓரடி ஆழம் தோண்டிக் கழுத்தோடு எடுங்கள். அது முடியாது என்றால் வெட்டவே வேண்டாம், இப்போதிருப்பதைவிட மோசமாகும்.

ஒரேயடியாக மொத்த நிலத்தையும் இயந்திரம் விட்டுச் சுத்தம் செய்வது பார்க்க அழகாக இருக்கும். மண்ணில் விதை பல வருஷம் உயிரோடு கிடக்கும். போட்டிக்குப் புல் இல்லாத வெறும் தரையில் அடுத்த மழைக்கே காடு எழும். ஒரு வருஷத்தில் புல் மூட வைக்க முடிந்த அளவுக்கு மட்டும் அகற்றுங்கள். நிழலுக்கும் பறவைக்கும் நாட்டு மரங்களை அங்கங்கே விட்டுவையுங்கள்.

அடிமரத்தில் மருந்து தடவுவது, திட்டமிட்டுத் தீ வைப்பது, இரண்டும் பயிற்சி பெற்றவர் வேலை. தீக்கு அனுமதியும் வேண்டும்.

## தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது, தரை இறுகிக்கிடக்கிறது

தகர டப்பாவை ஐந்து செ.மீ. மண்ணுக்குள் அடித்து இறக்கி, 450 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். அந்த விட்டத்துக்கு அது இரண்டரை செ.மீ. மழைக்குச் சமம். இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். இதையே மேயாத இடத்திலும், மரத்தடியிலும் செய்யுங்கள். தனியாக ஓர் எண்ணுக்கு அர்த்தம் இல்லை, வித்தியாசம்தான் பேசும்.

மேல் அரை செ.மீ. மட்டும் ஓடு போல, கீறினால் கீழே பொலபொல. மழைத்துளி நேராக மண்ணில் அடிக்கிறது, மூடாக்கு இல்லை. புல் குறைந்தது விரல் நீளத்துக்காவது நிற்கும்போதே மந்தையை வெளியே எடுங்கள். வெட்டிய முள்ளைப் பரப்பி வைத்தால் அதற்கடியில் விதை தங்கும், ஆடும் கிட்டே வராது. எனக்குப் பிடித்த வைத்தியம் இது, களை வெட்டும் வேலையும் சேர்ந்து முடிகிறது.

ஸ்க்ரூடிரைவர் ஒரு விரல்கட்டைக்கு மேல் இறங்க மறுக்கிறது. மண் ஈரமாக இருக்கும்போது சோதித்தீர்களா என்று உறுதி செய்யுங்கள்; காய்ந்த களிமண் எப்போதுமே இறுகியிருக்கும். ஈரத்திலும் இறங்கவில்லை என்றால் குளம்படி. நனைந்த களிமண்ணில் மந்தையை விடாதீர்கள், மழை விட்டு இரண்டு மூன்று நாள் போகட்டும். இறுக்கத்தை வேரும் மண்புழுவும் மெல்ல அவிழ்க்கும். ஆழ உழுவது செலவு பிடிக்கும், மேய்ச்சலை மாற்றாவிட்டால் இரண்டே வருஷத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

புல்தூர்கள் சின்னத் திண்டின் மேல் நிற்பது போல நிற்கின்றன. சுற்றியுள்ள மேல்மண் போய்விட்டது. சம உயரக் கோட்டில் கல்வரிசை வையுங்கள், அல்லது வாய் மேட்டைப் பார்த்திருக்கும்படி அரைவட்டக் குழிகள் வெட்டுங்கள். வேலையை எப்போதும் மேலிருந்து தொடங்குங்கள். கீழே கட்டியதை மேலே இருந்து வரும் முதல் வெள்ளம் கொண்டுபோய்விடும்.

ஓடை அரித்துத் தலைப்பக்கம் மேல்நோக்கி ஏறுகிறது. முழங்கால் ஆழத்துக்குள் இருந்தால் கல்தடுப்பு போடலாம். நடு தாழ்ந்தும் ஓரம் உயர்ந்தும் இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் ஓரத்தைக் குடைந்து புது வழி பிடிக்கும். முழங்காலுக்கு மேல் ஆழம் என்றால் மண்வளப் பொறியாளர் ஒருவர் அளந்து சொல்லட்டும். சொந்தமாகக் கட்டிய தடுப்பு உடைந்து பள்ளத்தை இரட்டிப்பாக்கியதை இரண்டு இடத்தில் பார்த்தேன்.

## விதைத்தும் முளைக்கவில்லை

மேலே உள்ளதையெல்லாம் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் பரப்பி, தினமும் நனைத்து, இரண்டு வாரம் கழித்து முளைத்ததை எண்ணுங்கள். துணியிலும் முளைக்கவில்லை: விதை பழையதாக இருக்கலாம், புதிதாகவும் இருக்கலாம். கொழுக்கட்டைப்புல் விதை அறுத்தவுடன் சரியாக முளைக்காது, பல மாதம் உறங்கும். முயல்மசால் போன்ற பயறுவகைக்குத் தோல் கடினம். 80 டிகிரி வெந்நீரில் நான்கு நிமிடம் போட்டெடுத்து, ஓர் இரவு சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து விதையுங்கள்.

துணியில் முளைக்கிறது, நிலத்தில் இல்லை: ஆழம். புல்விதை ஆழமாகப் புதைந்தால் குருத்து வெளியே வருவது கடினம். விதைத்துவிட்டு ஒரு முள்கிளையை இழுத்துக்கொண்டு நடந்தாலே போதும். பஞ்சு போன்ற விதை காற்றில் பறக்கும், எறும்பும் இழுக்கும். களிமண்ணோடும் மட்கிய எருவோடும் பிசைந்து உருண்டையாக்கி வீசுங்கள்.

முளைத்தது, மறைந்துவிட்டது: மந்தை சீக்கிரம் உள்ளே வந்துவிட்டது. முதல் பருவம் முழுவதும் மூடி வையுங்கள். அடுத்த பருவத்திலும் ஒரு தூரைக் கையால் இழுத்துப் பாருங்கள். இலை அறுந்து வேர் மண்ணிலேயே நின்றால்தான் மாட்டை விடலாம்.

திட்டுத் திட்டாக முளைக்கவே மாட்டேன் என்கிறது, அந்தத் திட்டில் வெள்ளைப் பூப்பு படிகிறது: உப்பு. இங்கே நின்றுவிடுங்கள். முளைத்த இடத்திலும் முளைக்காத இடத்திலும் தனித்தனியாக மண் எடுத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள், கார அமில நிலையும் உப்பளவும் கேளுங்கள். முடிவு வரும்வரை மிச்ச விதையை ஈரம் படாத இடத்தில் கட்டி வையுங்கள்.